உதை யார் தோளில் இறங்கியது?

பெங்களூரைச் சுற்றியிருந்த காடுகளின் வேட்டைக் கதைகளில் புலி வரும், யானை வரும், துப்பாக்கியின் பெயரும் அளவும் தவறாமல் வரும். அந்தத் துப்பாக்கியைச் சுமந்த தோளும், அது வெடித்தபோது உதை வாங்கிய தோளும் அவ்வளவாக வருவதில்லை. துப்பாக்கியின் வரலாற்றை அந்த இரண்டு தோள்களின் பக்கமிருந்து எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

எனக்கு இந்த விஷயம் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. என் அப்பா சிவாஜிநகரில் ஒரு துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் கட்டை வேலை செய்தவர். உடைந்த கட்டைக்குப் பதிலாக வால்நட் மரத்தில் புதுக்கட்டை செதுக்குவார். கை நீளத்துக்கு ஏற்ப அடிக்கட்டையைக் குறைப்பார், கூட்டுவார். தோளில் பதியும் இடத்தில் சிவப்பு ரப்பர் பட்டை பொருத்துவார். நான் இயற்பியல் படித்துக் கல்லூரியில் கற்பித்தவள். அப்பா உளியும் அரமும் கொண்டு செய்ததை நான் கரும்பலகையில் சமன்பாடாக எழுதினேன். இரண்டும் ஒரே கணக்கு என்பதை நான் புரிந்துகொள்வதற்குள் அவருக்கு வயதாகிவிட்டது.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குண்டும் மருந்துப் புகையும் முன்னே பாயும்போது எவ்வளவு உந்தம் கொண்டு போகின்றனவோ, அதே அளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. இதிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது. ஆனால் தோள் வாங்குவது அந்த உந்தத்தை ஆற்றலாக. துப்பாக்கியின் எடையை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் உதையின் ஆற்றல் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் குறையும். குண்டும் மருந்தும் சேர்ந்து தரும் உந்தத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலோ, உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்துவிடும், ஏனென்றால் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எடையைக் கூட்டுவதைவிடத் தோட்டாவில் நிரப்புவதைக் குறைப்பது தோளுக்கு இரட்டிப்பு நன்மை.

இவ்வளவு எளிய உண்மை வேட்டைக்காரர்களின் நடைமுறைக்கு வர ஏன் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதுதான் என் கேள்வி. எடையைச் சுமக்க வேறு ஆட்கள் இருந்தார்கள் என்பதுதான் என் பதில்.

எடை சுமந்தவர்கள்

வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் 1840-களில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் பண்ணை அமைத்தவர். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் அவருக்காக 1840-இல் செய்துகொடுத்த ரைபிளின் எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. அதில் 16 டிராம் கருமருந்து கெட்டித்து மூன்று அவுன்ஸ் குண்டைச் சுடுவார். டிராம் என்பது ஒரு அவுன்சில் பதினாறில் ஒரு பங்கு, ஆகவே ஒரே வெடிக்கு ஒரு முழு அவுன்ஸ் மருந்து. அந்த எடை இருந்ததால்தான் தோள் தாங்கியது. பின்னாளில் ஆப்பிரிக்காவில் அவர் வைத்திருந்த இன்னொரு துப்பாக்கியின் எடை ஏறக்குறைய அதேதான், 20 பவுண்டு. மருந்தும் குறைவு, 10 டிராம். ஆனால் குண்டு அரைப் பவுண்டு. சுடும்போது அது தன்னைச் சுழற்றிவிடும் என்று பேக்கரே எழுதியிருக்கிறார். அவருடன் இருந்த அரபு வேட்டைக்காரர்கள் அதற்குப் பீரங்கியின் பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். மருந்தைக் குறைத்தும் குண்டின் எடையைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

நம் பக்கத்துக்கு வந்தால் ஜார்ஜ் சாண்டர்சன். மைசூர் அரசின் யானை பிடிக்கும் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர், 1874-இல் சாமராஜநகர் பக்கத்தில் கெட்டா முறையில், அதாவது வேலிக்குள் விரட்டி அடைத்து, யானைக் கூட்டத்தைப் பிடித்தவர். 1878-இல் வெளிவந்த அவருடைய நூலில் தன் ஆயுதங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். யானைக்கும் காட்டெருதுக்கும் அவர் எடுத்துச்சென்றது கிரீனர் செய்த 4 போர் இரட்டைக்குழல். எடை ஏறக்குறைய பத்தொன்பதரை பவுண்டு, சாதாரணமாக நிரப்பும் மருந்து 10 டிராம். 4 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் நான்கே குண்டுகள், ஒவ்வொன்றும் கால் பவுண்டு.

ஒன்பது கிலோ இரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு பிளிகிரிரங்கன் மலைச்சரிவில் நாள் முழுக்க யானைத் தடம் பார்த்து நடக்க ஒருவராலும் முடியாது. துப்பாக்கியை வேறொருவர் தூக்கி வருவார். விலங்கு கண்ணுக்குத் தெரிந்ததும் துரையின் கையில் கொடுப்பார். சுட்டு முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். தடம் காட்டியவர்கள் சோலிகரும் குறும்பரும். துரையின் தோளில் உதை அரைக் கண நேரம். தூக்கியவரின் தோளில் அதன் விலை காலை முதல் மாலை வரை. எடை கூட்டி உதையைக் குறைத்த காலம் முழுவதும் உதை மறையவில்லை, தோள் மாறியது.

சிப்பாய்க்கு அந்த வசதி இல்லை. அவன் துப்பாக்கியை அவனேதான் சுமந்தான். அதனால் உதையின் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டது படைதான். 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைபிளில் 480 கிரெயின் குண்டு, 85 கிரெயின் கருமருந்து. ஏழாயிரம் கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. எட்டரைப் பவுண்டு எடையுள்ள அந்த ரைபிள் சிப்பாய்களின் தோளைக் கன்றிப்போகச் செய்வதில் பேர்பெற்றது. அதன் குட்டை வடிவமான கார்பைனை, ஒரு பவுண்டு எடை குறைத்து, குதிரைப்படைக்கும் பீரங்கிப்படைக்கும் கொடுத்தபோது பழைய தோட்டாவையே கொடுக்கவில்லை. குண்டை 410 கிரெயினாகவும் மருந்தை 70 கிரெயினாகவும் குறைத்துத் தனித் தோட்டா செய்தார்கள். இலேசான துப்பாக்கிக்கு இலேசான தோட்டா என்ற விதி அப்போதே அதிகாரபூர்வமாக நடைமுறையில் இருந்தது.

சாண்டர்சனின் துப்பாக்கியைச் செய்த அதே கிரீனர் சிதறுகுண்டுத் துப்பாக்கிகளுக்கு ஒரு விதி சொன்னார். ஒரு தோட்டாவிலுள்ள ரவையின் எடையைப்போல் 96 மடங்கு எடை துப்பாக்கிக்கு இருக்க வேண்டும். ஒரு அவுன்ஸ் ரவை என்றால் ஆறு பவுண்டு துப்பாக்கி. ஒன்றேகால் அவுன்ஸ் என்றால் ஏழரைப் பவுண்டு. இதைத் திருப்பிப் படித்தால், துப்பாக்கி இலேசானதாக இருந்தால் ரவையைக் குறைத்துவிடு என்று பொருள். என் அப்பா கிரீனரைப் படித்ததில்லை. ஆனால் ஆறு பவுண்டுத் துப்பாக்கியில் கனத்த தோட்டா போட்டுவிட்டுக் கட்டை பிளந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் அவர் சொன்னது இதேதான்: “கட்டை நல்லாத்தான் இருந்துது சார், நீங்க போட்ட தோட்டாதான் இதுக்குப் பெருசு.”

கையால் நிரப்பிய தோட்டா

அந்தத் தலைமுறையில் 12 போர் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பலர் பித்தளைத் தோட்டா பயன்படுத்தினார்கள். அதைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். சுட்ட தோட்டாவின் அடியிலிருந்து பழைய கேப்பைத் தட்டி எடுத்து, புதுக் கேப்பை அழுத்தி, அளவுக் கிண்ணத்தால் கருமருந்தை இட்டு, மேலே அட்டை, அதன்மேல் தடித்த கம்பளி அடைப்பு, பிறகு ரவை, கடைசியாக மெல்லிய அட்டை வைத்து ஓரத்தை மெழுகால் மூடுவார்கள். பித்தளையின் சுவர் காகிதத் தோட்டாவைவிட மெல்லியது, ஆகவே அடைப்பு ஓர் அளவு பெரிதாக வேண்டும். சிறிய அடைப்பை வைத்தால் புகை ஓரமாகக் கசிந்து, ரவை பலம் இழக்கும்.

மூன்று டிராம் மருந்து, ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் ரவை என்பது 12 போருக்கு வழக்கமான அளவு. காடைக்கும் கவுதாரிக்கும் அது தேவையில்லை என்று அறிந்தவர்கள் இரண்டரை டிராமும் ஒரு அவுன்சுக்கும் குறைந்த ரவையும் போட்டார்கள். வீட்டுப் பிள்ளைக்குச் சுடக் கற்றுக்கொடுக்கும்போது அதையும் குறைத்தார்கள். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் முதல் நாளில் வந்துவிட்டால் பிறகு போகாது என்பது அவர்களுக்குத் தெரியும். கருமருந்து இதில் பெரும் துணை. ஓரளவு குறைத்து நிரப்பினாலும் ஒழுங்காக எரியும், தோட்டாவின் வெற்றிடத்தை அடைப்பால் நிரப்பிவிடலாம்.

ரைபிளில் மட்டும் இந்தக் கைப்பழக்கம் நம் நாட்டில் வேர்விடவில்லை. காரணம் கார்டைட். 1890-களில் கருமருந்தை விரட்டிவிட்டு வந்த அந்தப் புகையில்லா மருந்து தூளாக இல்லாமல் சேமியா போல் நீண்ட இழைகளாக இருக்கும். பல தோட்டாக்களில் இழைக்கட்டை முதலில் உள்ளே வைத்து, அதன் பிறகே தோட்டாவின் கழுத்தைச் சுருக்குவார்கள். அது தொழிற்சாலை வேலை. சுட்ட தோட்டாவின் சுருங்கிய கழுத்து வழியே அதே கட்டைத் திரும்ப நுழைப்பது வீட்டு மேசையில் நடக்கிற காரியமல்ல. பிரிட்டிஷ் தோட்டாக்களில் இருந்த பெர்டன் வகைக் கேப்பு இன்னொரு தடை. நடுவில் ஒற்றைத் துளை இல்லாததால் உள்ளிருந்து கம்பியை விட்டுத் தட்டி எடுக்க முடியாது. அமெரிக்கத் தோட்டாக்களின் பாக்சர் வகைக் கேப்பில் நடுத்துளை உண்டு, ஒரே தட்டில் கழன்றுவரும். அமெரிக்காவில் கைநிரப்பு ஒரு மக்கள் கலையாக வளர்ந்ததற்கும் இங்கே வளராததற்கும் இந்தச் சின்னத் துளை ஒரு முக்கியமான காரணம்.

கார்டைட் நமக்கு அந்நியப் பொருளல்ல. 1900-களின் தொடக்கத்தில் நீலகிரியின் அருவங்காட்டில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை எழுந்தது. இன்றும் அந்தத் தொழிற்சாலை கார்டைட்டின் பெயரால்தான் அறியப்படுகிறது. வெயில் ஏறினால் கார்டைட்டின் அழுத்தமும் ஏறும். இங்கிலாந்தின் குளிரில் சரியாக இருந்த தோட்டா நம் கோடையில் குழலுக்குள் இறுகி, வெடித்தபின் வெளியே வர மறுக்கும். புலி திரும்பிப் பாய்கிற நேரத்தில் அது உயிர்போகும் கோளாறு. அதனால் தோட்டா செய்த நிறுவனங்கள் வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களைத் தனியாக விற்றன. நோக்கம் அழுத்தத்தைக் குறைப்பது, ஆனாலும் கூடவே உதையும் சற்றுக் குறைந்தது.

சட்டமும் தோளைத் தீர்மானித்தது. படையின் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் அரசு 1907-ஐ ஒட்டி .450 அளவு ரைபிள்களை இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தது. அதனால்தான் .470, .465 போன்ற புதிய அளவுகள் பிறந்தன. படையின் .303 தனியாருக்குத் தடை என்பதால் .315 ரைபிள் வந்தது. ஆஸ்திரிய மான்லிச்சர் தோட்டாதான் அது, இந்தியப் பெயர் பூண்டது. சுதந்திரத்துக்குப் பின் இச்சாப்பூரில் அரசுத் தொழிற்சாலையே அந்த ரைபிளைச் செய்தது. இந்த நாட்டில் உரிமம் பெற்ற ஒருவர் எந்த உதையை வாங்குவார் என்பதை அவர் தோளுக்கு முன்னால் அரசாங்கம் முடிவு செய்தது.

ஆண்டர்சனின் நானூற்றைந்து

பெங்களூரின் வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்தவர். பிஷப் காட்டன் பள்ளியில் படித்து, இந்த ஊரின் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய முதல் நூல் 1954-இல் வந்தது. ஜவளகிரி, கும்மளாபுரம், சேகூர், ஜாலஹள்ளி என்று இன்று நாம் பேருந்தில் போய்வரும் ஊர்களெல்லாம் அதில் ஆட்கொல்லிகளின் ஊர்கள். அவர் கதை கதையாகச் சொல்லும் துப்பாக்கி .405 வின்செஸ்டர், ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895 ரகம். 1904-இல் வந்த அந்தத் தோட்டாவில் 300 கிரெயின் குண்டு, நொடிக்கு 2,200 அடி வேகம். 1909-இல் ஆப்பிரிக்கா போன தியோடர் ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு நம்பியதும் இதைத்தான்.

ஆண்டர்சனின் முறை சாண்டர்சனுடையதல்ல. ஆள்படை கிடையாது. பூசாரி பைரா, ரங்கா போன்ற ஓரிரு நண்பர்களோடு போவார், மரத்தின்மேலோ பாறையின் மறைவிலோ பெரும்பாலும் தனியாக இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவருக்கு 19 பவுண்டு பீரங்கி உதவாது. அவருடைய ரகத்து ரைபிள் எட்டேகால் பவுண்டு அளவில் இருந்தது, ஒருவர் தானே சுமக்கக்கூடிய எடை. சுமையும் உதையும் ஒரே தோளுக்கு வந்து சேர்ந்தன. நூறாண்டுக் கதையில் இதை நான் ஒரு நேர்மையான திருப்பமாக மதிக்கிறேன்.

உதை எவ்வளவு? மருந்து 55 கிரெயின் என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 32 அடி-பவுண்டு வருகிறது. நாலரைக் கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல். அந்த ரகத்தின் வழக்கமான ரைபிள்களில் அடிக்கட்டையில் பிறைபோல் உள்வளைந்த எஃகுத் தகடு இருக்கும். பிறையின் இரு முனைகளும் தோளில் குத்தும். அதே ஆற்றல் அகலமான ரப்பர் பட்டையில் பரவி இறங்கினால் தாங்கலாம், இரும்பின் விளிம்பில் குவிந்து இறங்கினால் கன்றிப்போகும். அப்பா பட்டை பொருத்தும்போது பார்த்தது இந்தப் பரப்பைத்தான். 1944-இல் பிரிட்டிஷ் படை காட்டுப் போருக்கென்று ஏழு பவுண்டுக்குக் குறைத்த லீ-என்ஃபீல்டு 5-ஆம் எண் கார்பைனில் ரப்பர் பட்டை உண்டு. ஆனால் அந்தப் பட்டை கட்டையைவிட ஒடுங்கியது, தோட்டாவோ குறைக்கப்படாத .303. சுட்டவர்கள் அதன் உதையைக் கடைசிவரை குறைசொன்னார்கள். மார்ட்டினி காலத்தில் கற்ற பாடத்தைப் படை அதற்குள் மறந்திருந்தது.

ஆண்டர்சனின் நானூற்றைந்துக்கு நேர் எதிரில் ஜிம் கார்பெட்டை நிறுத்திப் பார்க்கிறேன். சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-இல் அவருக்குப் பரிசாக வந்த .275 ரிக்பி ரைபிளில் 140 கிரெயின் குண்டு. ஏழரைப் பவுண்டு துப்பாக்கி என்று கொண்டால் உதை 15 அடி-பவுண்டுக்குள் அடங்கும், நானூற்றைந்தில் பாதி. ஆப்பிரிக்காவில் பெல் என்ற வேட்டைக்காரர் அதே தோட்டாவைக்கொண்டு யானைகளையே வீழ்த்தினார். உதைக்கு அஞ்சாத தோள் விசையை நிதானமாக இழுக்கும், குண்டு போகவேண்டிய இடத்துக்குப் போகும். குண்டு பெரிதா சிறிதா என்பதைவிட அது எங்கே பட்டது என்பதே விலங்கின் வேதனையைத் தீர்மானிக்கிறது. தப்பிய குண்டால் காயம்பட்டு ஆட்கொல்லியான புலிகளின் கதைகள் கார்பெட்டிலும் ஆண்டர்சனிலும் நிறைய உண்டு.

குறைப்பதிலும் எல்லை உண்டு

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவில் படையின் உபரி மருந்து மலையாகக் குவிந்தது. புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் 4895 என்ற மருந்தை மொத்தமாக வாங்கிக் கைநிரப்புக்காரர்களுக்கு விற்றார். இன்றுவரை இலேசான ரைபிளில் உதையைக் குறைக்க விரும்புகிறவர்கள் நாடுவது அதன் வழிவந்த மருந்தை. உச்ச அளவின் 60 சதவீதம் வரை குறைத்தாலும் அது சீராக எரியும் என்று அந்த நிறுவனமே வழிகாட்டுகிறது. .30-06 ரைபிளில் 180 கிரெயின் குண்டும் முழு மருந்தும் போட்டால், எட்டுப் பவுண்டு துப்பாக்கியில் உதை 22 அடி-பவுண்டு. அதே ரைபிளில் 150 கிரெயின் குண்டை 2,200 அடி வேகத்துக்கு இறக்கினால் 10 அடி-பவுண்டு. ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையும் தாங்கும்.

ஆனால் எல்லா மருந்தும் இப்படிக் குறையாது. மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய தோட்டாவில் மிகக் குறைத்து நிரப்பினால் அழுத்தம் இறங்குவதற்குப் பதில் திடீரென்று ஏறித் துப்பாக்கியையே பிளந்த நிகழ்வுகள் உண்டு. வேகம் போதாமல் குண்டு குழலுக்குள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு, தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். கொஞ்சமாக நிரப்பிய தோட்டாவில் இடம் மிஞ்சுவதால் மறதியாக இரண்டாம் முறை நிரப்பிவிடும் ஆபத்தும் இருக்கிறது. சோதித்து அச்சிட்ட அளவுக்கு வெளியே யாரும் போகக் கூடாது. “மருந்து கம்மியாப் போடறது தப்பில்லம்மா, கணக்கில்லாமப் போடறதுதான் தப்பு” என்று அப்பா சொன்னதை நான் மாணவிகளுக்கு வேறு பாடங்களிலும் சொல்லியிருக்கிறேன்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை முடிந்தது, முடிந்ததும் சரியே. பெங்களூரில் துப்பாக்கி பழுதுபார்க்கும் வேலை சுருங்கியது. என் அப்பா கடைசி ஆண்டுகளில் நாற்காலிக் கால்களும் செதுக்கினார். அந்தக் கடைகளின் அறிவு, எந்தக் கட்டைக்கு எந்தத் தோட்டா, எந்தத் தோளுக்கு எவ்வளவு நீளம் என்ற அறிவு, ஏட்டில் ஏறாமலே போய்க்கொண்டிருக்கிறது.

உதையைக் குறைக்க மனிதர்கள் கண்ட வழிகள் மூன்று: எடையைக் கூட்டு, பரப்பை விரி, நிரப்புவதைக் குறை. இவற்றில் முதலாவது மட்டும் இன்னொருவர் தோளின்மேல் நின்றது. மூன்றாவதுதான் நியாயமான வழி என்பது என் தீர்ப்பு. வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு கிரெயினும் நிரப்பாத கைதான் தேர்ந்த கை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்டோன்மென்டிலும் மைசூரிலும் ஓசூரிலும் நீலகிரியிலும் பல வீடுகளில் பழைய வேட்டைப் படங்கள் இருக்கின்றன. நடுவில் துரை அல்லது ஜமீன்தார், காலடியில் புலி, ஓரத்தில் கனத்த துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஒருவர். அந்த ஓரத்து மனிதர் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், இந்த வாரமே கேட்டு அவர் பெயரையும் ஊரையும் படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.